கழுகு பறக்கிற பக்கம்

வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்கள் பயணம் எழுதுவார்கள். நான் வெளிநாட்டிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போய்வந்ததை எழுதுகிறேன். பிறந்த ஊருக்கு எதற்குப் பயணக் கட்டுரை என்று கேட்பவர்கள், ஏழு வருஷம் வெளியே இருந்துவிட்டுப் பன்னிரண்டே நாள் லீவில் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

ஜாம்பியாவில் கிட்வே என்று ஒரு தாமிரச் சுரங்க ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். 1989 அக்டோபரில் அந்த நாட்டுக்கு விடுதலை கிடைத்து இருபத்தைந்து வருஷம் நிறைவதாக இருந்தது. ஜூலையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு கொடி பிடித்து மைதானம்வரை நடந்துபோக வேண்டும் என்று ஆசை. ஆனால் கடைகளில் துணி இல்லை. சோப்புக்கும் சோளமாவுக்கும்கூட வரிசையில் நின்ற வருஷம் அது. ஒரு ஆசிரியர் சொன்னார்: "இந்திய டீச்சர்கள் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். கொடிக்கு நாம்தான் அலைய வேண்டும்." எல்லோரும் சிரித்தார்கள். என் தோழி கிரேஸ் மட்டும் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான். எழுந்து நின்று, "இருநூற்றைம்பது கொடியும் நான் கொண்டுவருகிறேன். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். வெறுங்கையோடு திரும்பினால் அந்த அறைக்குள் இனி நிமிர்ந்து நடக்க முடியாது.

ஆகஸ்ட் விடுமுறையில் கிளம்பி வந்துவிட்டேன். விருதுநகரில் பஸ் ஏறும்போது நிற்க இடம் இருந்தது. பாலவனத்தத்தில் வேலைக்குப் போகிறவர்கள் ஏறியதும் அதுவும் போயிற்று. கிட்வேயில் பஸ் நிறையும்வரை டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். இங்கே நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மடியில் கீரைக்கட்டோடு இருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எந்தூருத்தா?"

"கிட்வே."

"அது எங்கிட்டு இருக்கு? சாத்தூருப் பக்கமா?"

ஆப்பிரிக்காவில் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் நிஜமான கரிசனம்.

"அங்கிட்டு வெயிலு சாஸ்தியோ? இம்புட்டுக் கறுத்துப்போயிட்டியேத்தா."

"இல்லக்கா. இங்கன இருக்கும்போதே இப்படித்தான் இருந்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முன்னெல்லாம் இப்படி யாராவது கேட்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தொன்பது வரை ஆறு முறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆறு முறையும் கேசரி சாப்பிட்டார்கள், ஆறு முறையும் நிறம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழாவது கூட்டம் வருவதற்குள் ஜாம்பியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரம் வந்தது. நான் விமானம் ஏறிய காரணம் அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணனும் மதினியும். அண்ணனுக்கு பஜாரில் இரும்புச் சாமான் கடை. நான் பையைக் கீழே வைப்பதற்குள் மதினி காதோடு சொன்னார்: "ஒரு வரன் வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரம்தான். ஆனா நல்ல எடம். நீ போற அன்னைக்கு மொத நா ஞாயித்துக்கெழம வாராக." சொல்லிவிட்டு ஜன்னல் மாடத்தைப் பார்த்தார். அங்கே புது பவுடர் டப்பா ஒன்று உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே கொடி தைக்கிற பாண்டி அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அருப்புக்கோட்டையில் எந்தக் கட்சிக்குக் கூட்டம் என்றாலும் கொடி அவர் மெஷினில்தான் பிறக்கும். கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு அவர் கடை பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். கலர் பென்சிலில் நான் வரைந்துபோன படத்தை வாங்கி அவர் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். முழுக்கப் பச்சை. வலது ஓரத்தில் மேலே ஒரு கழுகு. அதன் கீழே சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று பட்டை. இடது ஓரத்தில் கம்பு நுழைகிற வெள்ளைப் பட்டி.

"கழுகு அச்சுல அடிச்சிரலாம். பட்டைய ஒட்டுப் போட்டுத் தச்சிரலாம். எட்டு நாளு குடு டீச்சரு" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த எட்டு நாளும் தின்றே தீர்த்தேன் என்று சொல்லலாம். காராச்சேவும் எண்ணெய்ப் புரோட்டாவுமாக ஏழு வருஷப் பாக்கியை வயிற்றில் போட்டேன். ஆடிக் காற்று ஆவணி பிறந்தும் அடங்கவில்லை. தெருவில் நடந்தால் பல்லில் மண் கடிபடும். அண்ணனின் சிநேகிதர்கள் வந்து, அங்கே சிங்கம் வீட்டு வாசலுக்கு வருமா, அந்த ஆட்கள் பச்சைக்கறி தின்பார்களா என்று கேட்டார்கள். "அவர்கள் என்னிடம், இந்தியாவில் எல்லோரும் பாம்பு வளர்ப்பார்களா என்று கேட்கிறார்கள்" என்றேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. சோறு போடுகிற ஊரைப் பற்றி யார் இளப்பமாகப் பேசினாலும் எனக்குப் பொறுக்காது, கூடப் பிறந்தவரானாலும் சரி.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஐம்பது கொடி தயாராக அடுக்கியிருந்தது. மேலே இருந்ததை அவரே ஒரு குச்சியில் மாட்டி, பெருமையாக ஆட்டிக் காட்டினார். பச்சை அருமை, கழுகு அருமை. ஆனால் கழுகு கம்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. மூன்று பட்டையும் கம்பை ஒட்டி நின்றன. வெள்ளைப் பட்டியை வலது பக்கம் தைத்திருந்தார்.

"அண்ணாச்சி, பக்கம் மாறிப்போச்சு."

"மாறல. மாத்துனேன்."

"எதுக்கு?"

"இங்க பாரு டீச்சரு. கொடியில மொதல்ல கிழியுறது எது? வாலு. நம்மூருக் காத்துக்கு ஆறே மாசத்துல வாலு நூலு நூலாத் தொங்கிப்போவும். சின்னத்தை யாராச்சும் அங்க கொண்டுபோயி வைப்பாகளா? கம்போரமா வச்சாத்தான் நெலைக்கும். முப்பது வருசமாத் தைக்கிறேன். படம் வரஞ்சவுக தெரியாம வரஞ்சுட்டாகன்னு நெனச்சு, நானே திருத்திப்புட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் சொன்ன நியாயத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. "அண்ணாச்சி, அது அவுக நாட்டுக் கொடி. அவுகளுக்குக் கழுகு அந்த நுனியிலதான் பறக்கணும்" என்றேன்.

"கிழிஞ்சுபோகுமே!"

"கிழியட்டும். அது அவுக பாடு. நம்ம தேசியக் கொடியில சக்கரத்தைக் கம்போரமா நகத்தி வச்சா நீங்க சும்மா இருப்பீகளா?"

அவர் அளவு நாடாவைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். மிச்சம் இருநூறும் கடையில் இல்லை. நரிக்குடிக்கு அங்கிட்டு ஒரு ஊரில் எட்டு வீட்டுப் பெண்களிடம் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், இப்படியே ஒரு மாதிரி தைத்துக் கொடுத்து. நாளைக்கு அவருக்குக் கல்யாண வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். திங்கட்கிழமை காலை நான் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் கடைச் சாவிக்கொத்தைத் தரையில் வீசினார். "மூணு மணிக்கு அவுக வாராக. நீ கொடி பொறுக்கப் போறியா? ஊருல என் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

"மூணுக்குள்ள வந்துருவேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா கேசரி சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. அது அவுகளுக்குப் பழக்கம்தான்."

இப்படி நான் அண்ணனிடம் பேசியதே இல்லை. மதினி சமையற்கட்டுக்குள் போய்விட்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் நானும் அண்ணாச்சியும் ஏறினோம். அவர் மடியில் கத்தரிக்கோலும் நூல்கண்டும். திருச்சுழி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி அடியில் பார்த்துவிட்டு, "எறங்கிக்கங்க. மெக்கானிக்கு வரணும்" என்றார். இரண்டு பக்கமும் கருவேலம். தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை, உள்ளே தண்ணீர் இல்லை, ஆடு மேய்ந்தது. கிட்வேயில் இப்படி வண்டி நின்றால் ஜனங்கள் சாலையோரத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பிப்பார்கள். இங்கே கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு அன்று இரண்டுக்கும் பொறுமை இல்லை. சாலை நடுவில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டேன்.

ஓர் ஆட்டு டெம்போதான் வந்தது. வீரசோழன் சந்தைக்கு ஆடு கொண்டுபோகும் பாய் ஒருவர் ஓட்டி வந்தார். முன்னால் இடமில்லை. பின்னால் ஆடுகளோடு நின்றுகொள்ள முடியுமா என்று தயங்கிக் கேட்டார். அவர் முடிப்பதற்குள் நான் ஏறிவிட்டேன். அண்ணாச்சி, "டீச்சரு, சேல பாழாப்போவும்" என்று கீழேயே நின்றார். "போகட்டும், ஏறுங்க" என்றேன். நரிக்குடிவரைக்கும் ஒரு கிடாய் என் முந்தானையை நிதானமாக மென்றுகொண்டே வந்தது. இறங்கும்போது பாய், "எம்புட்டு அவசரமான சோலியோ, நல்லபடியா முடியட்டும்மா" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் அதுதான்.

அங்கிருந்து அரை மணி நேர நடை. ஊர் என்றால் ஒரு முப்பது வீடு, ஒரு வேம்பு, ஒரு குழாய். பேச்சியம்மாள் என்பவர் வீட்டு முன்னால் பந்தல் போட்டு எட்டு மெஷினையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இவர்களுடைய தாய்மார்கள் காலம்வரை அடுத்தவர் வயலில் களை பறித்த குடும்பங்கள். மெஷின் வந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று அண்ணாச்சி வழியில் சொன்னார். இருநூறும் தைத்து முடித்து, சுருக்கம் நீக்கி அடுக்கியிருந்தார்கள். இவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாள் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, அவுக குடுத்தபடி தைக்காம உங்க இஷ்டத்துக்குத் தச்சீகளாக்கும்?"

"நெலைக்கட்டும்னுதான் தாயி..."

"நல்லா நெலச்சுச்சு போங்க."

பெண்கள் சிரித்ததும் இறுக்கம் தளர்ந்தது. வெள்ளைப் பட்டியைப் பிரித்து மறுபக்கம் வைத்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் பிரிக்க, நாலு பேர் தைக்க. நானும் பிளேடு ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே உட்காராதீக, நாற்காலி வருது என்றார்கள். வேண்டாம் என்றேன். நாற்காலியால்தான் இவ்வளவும் வந்தது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கேட்டாள்: "பச்ச சரி, வெள்ளாம. செகப்பு எதுக்குக்கா?"

"விடுதலைக்குச் சிந்துன ரத்தம். ஆரஞ்சு, மண்ணுக்குள்ள இருக்கிற தாமிரம்."

"கறுப்பு?"

"அந்த நாட்டுச் சனம்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பேச்சியம்மாள் எழுந்து வந்து கொடியை வாங்கி, முழங்கையை மடக்கித் தன் கையை அந்தப் பட்டையின் மேல் வைத்துப் பார்த்தார்.

"சனத்தோட நெறத்தையே கொடியில வச்சிருக்காகளா?"

"ஆமா."

"மறைக்காம?"

"மறைக்காம."

"எம்புட்டுத் தெம்பு பாருடி அவுகளுக்கு" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் அதே பட்டையில் வைத்தார். "இது நாமளுந்தான் டீச்சரு." நான் தலையைக் குனிந்து நூல் பிரித்தேன். கண் மறைத்தது. முப்பத்தாறு வயதில் என் நிறத்தைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

பதினொரு மணிக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. கிட்வேயில் சோளமாவில் இதேபோலக் கிண்டுவார்கள், தொட்டுக்கொள்ள ஏரியில் பிடித்த சின்ன மீன் கருவாடு. உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, குழம்பை அள்ளி வாயில் போட்டேன். "எங்க படிச்சீக இத?" என்று கேட்டார்கள். கிரேஸ் வீட்டில் என்றேன். அவளுக்கும் ஒரு வாய் கொடுத்துவிட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசிக் கொடி முடியும்போது மணி இரண்டரை. பட்டியைப் பிரித்த ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தேய்த்தும் போகவில்லை. இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டோம். மூன்று மணி என்னைத் தாண்டிப் போனபோது நான் நரிக்குடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மனசு அடித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். அண்ணன் முகம் வந்து வந்து போயிற்று.

வீட்டுக்குள் நுழையும்போது ஐந்தேகால். அவர்கள் போகவில்லை. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மதினி ஓடிவந்து, "பின்னால வா, மூஞ்சி கழுவி பவுடர் போட்டுவிடுறேன்" என்று கிசுகிசுத்தார். நான் அப்படியே உள்ளே போய், இரண்டு மூட்டையையும் நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு வணக்கம் சொன்னேன். ஆட்டு வாடையை எல்லோரும் கவனித்தார்கள். மென்ற முந்தானையையும்.

மாப்பிள்ளையின் அம்மா அண்ணன் பக்கம் திரும்பி, "போட்டோவுல கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சே" என்றார்.

"ஸ்டுடியோவுல ரெண்டு லைட்டு போட்டாகம்மா" என்று நானே பதில் சொன்னேன்.

சங்கடத்தைக் குறைக்க நினைத்தோ என்னவோ, மாப்பிள்ளை மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொடியைக் காட்டி, "இது என்ன, நடுவுல கறுப்பு?" என்று கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"அது நாங்க" என்றேன்.

கொடியை மடித்து உள்ளே வைத்தேன். அவர்கள் காபியை முடித்துவிட்டு எழுந்தார்கள். அன்று இரவு அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.

திங்கள் காலை பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி காத்திருந்தார். முதல் ஐம்பதையும் ஒற்றை ஆளாகப் பிரித்துத் தைத்து எடுத்து வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "இந்த அம்பதுலயும் வாலுக்கு மூணு தையலு போட்ருக்கேன். அவுக பக்கம் அவுக பக்கமாவே இருக்கட்டும். ஆனா என் தையலு சும்மா விடாது. கிழிஞ்சா எழுது டீச்சரு" என்றார்.

அக்டோபர் இருபத்திநாலு. கிட்வேயில் வெயில் உச்சத்தில் இருந்தது, தெருவெல்லாம் ஜாகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துக் கொட்டியிருந்தன. கொடிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கிரேஸ் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இதென்ன ஓரத்தில் வரிசையாகத் துளை?" கதையைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கள் கழுகை உங்கள் ஊர்க்காரர் கம்பத்தில் கட்டிப்போடப் பார்த்தாரா? கிழிந்தால் நாங்கள் தைத்துக்கொள்வோம் என்று அவரிடம் சொல்." பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் தோள்பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

மைதானத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்குப் பந்தலும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். ஜூலையில் கேலி பேசிய அந்த ஆசிரியரே வந்து, என் பெயர் எழுதிய நாற்காலியைக் காட்டினார். நான் குச்சியைக் கொடியில் நுழைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பி நடந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து அங்கிருந்து மைதானம்வரை வந்தேன். பந்தலைக் கடக்கும்போது அவர் கைதட்டிக்கொண்டிருந்தார், நாற்காலியில் உட்கார்ந்து.

சாயங்காலம் என் கொடியின் வாலைப் பார்த்தேன். அண்ணாச்சியே தைத்த ஐம்பதில் ஒன்று அது. மூன்று தையலில் ஒன்று விட்டிருந்தது. அண்ணாச்சிக்கு அதை அப்படியே எழுதிப் போட்டேன்.

டிசம்பரில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கோபம் ஆறியிருந்தது. மதுரைப் பக்கம் ஒரு இடம் இருப்பதாகவும், இந்தத் தடவை நல்ல போட்டோவாக ஒன்று அனுப்பும்படியும் எழுதியிருந்தார். அக்டோபர் இருபத்திநாலு அன்று கிரேஸ் எடுத்த படத்தை அனுப்பினேன். நடுப்பகல் வெயில், வியர்வை வழிகிற முகம், தோளுக்கு மேலே கொடி. படத்தின் பின்னால் ஒரே வரி எழுதினேன்.

பவுடர் போடவில்லை.